குடுவை ஏன் உடைகிறது? அறிஞர் அல்பிரூனியின் கேள்வி

திருவண்ணாமலையில் அக்னி நட்சத்திர நாட்களில் மலைப்பாறை சூடேறிவிட்டால் இரவிலும் வெக்கை அடங்காது. நன்னாரி சர்பத்துக்காகக் கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து மறந்தவர்களுக்குத் தெரியும், காலையில் பாட்டில் வெடித்திருக்கும். நாம் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் அதைப் பெரிய கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

அபூ ரைஹான் அல்பிரூனி ஹிஜ்ரி 362-ல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டின் காஸ் நகரில் பிறந்தார். இன்று அந்த இடம் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. இளம் வயதிலேயே உள்நாட்டுப் போரால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. வாலிபப் பருவத்தில், தம்மைவிட ஏழு வயது இளையவரான இப்னு சீனாவுக்கு 18 கேள்விகள் எழுதி அனுப்பினார். பத்து கேள்விகள் அரிஸ்டாட்டிலின் வானம் பற்றிய நூல் குறித்தவை. மீதி எட்டும் அவருடைய சொந்தக் கேள்விகள்.

அந்த எட்டில் ஒன்றுதான் இது. சூட்டில் பொருள்கள் விரியும், குளிரில் சுருங்கும் என்றால், நீர் நிரம்பிய குடுவை நீர் உறையும்போது ஏன் உடைய வேண்டும்? உள்ளே காற்று சுருங்குவதால் வெற்றிடம் ஏற்படப் பார்க்கிறது, அதனால் உடைகிறது என்ற போக்கில் இப்னு சீனா பதில் எழுதினார். அவருடைய பதில்கள் பலவற்றை பிரூனி ஏற்கவில்லை, மறுப்பு எழுதினார்.

பிரூனியின் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருந்தது. மற்ற திரவங்களைப் போலத் தண்ணீர் நடந்துகொள்வதில்லை. குளிரக் குளிர 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கும். அதற்குக் கீழே விரியத் தொடங்கும். பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். அதனால்தான் தெர்மாமீட்டரில் தண்ணீர் ஊற்றுவதில்லை. பாதரசம் ஏறக்குறைய ஒரே சீராக விரியும். ஆனால் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு கூட இராது. அவ்வளவு சிறிய மாற்றம் கண்ணுக்குத் தெரியத்தான் அடியில் குமிழும், மேலே முடியளவு துளையுள்ள குழாயும் வைத்தார்கள். குமிழில் கொஞ்சம் விரிந்தாலும் குழாயில் நன்றாக ஏறி நிற்கும்.

பிரூனியிடம் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. அது வந்தது ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவில். பெருமைக்காக அதையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அவரிடம் இருந்தது தராசும், பக்கவாட்டில் குழாய் வைத்த ஒரு பாத்திரமும். நீர் நிரம்பிய பாத்திரத்தில் ரத்தினத்தையோ உலோகத்தையோ போட்டு, வழியும் நீரை நிறுத்து, அதன் ஒப்படர்த்தியைக் கண்டார். வெந்நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் எடையில் வேறுபாடு உண்டு என்பதையும் பதிவு செய்தார்.

1017-ல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றி, அவரைக் கஸ்னாவுக்குக் கொண்டுபோனார். விரும்பிப் போன பயணமல்ல அது. ஆனாலும் அங்கிருந்துதான் சமஸ்கிருதம் கற்று, இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதினார். கஸ்னாவிலிருந்து கிப்லாவின் திசையையும் கணித்துக் கொடுத்தார்.

முதுமையில் கஸ்னாவில் மரணப் படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்த ஒரு ஃபகீஹிடம், வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு மஸ்அலாவுக்கு விளக்கம் கேட்டார் என்று யாகூத் எழுதுகிறார். இந்த நிலையிலா என்று வந்தவர் தயங்கினார். தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு போவது மேல் என்றாராம் பிரூனி. அவர் விளக்க, இவர் மனனம் செய்துகொண்டார். ஃபகீஹ் விடைபெற்றுத் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.