ஸர் ரொனால்டு ராஸ்

மலேரியாச் சுரத்திற்கும் கொசுவிற்குமுள்ள தொடர்பைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், 1857-ஆம் ஆண்டில் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். இளமையிற் கவிதையையும் இசையையுமே விழைந்த அவர், தந்தையார் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்று, 1881-இல் அரசாங்க மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1883-இல் பெங்களூரில், தேங்கிய நீரை அகற்றினாற் கொசு குறைதலைக் கண்டார். கற்றது போதாதென்றுணர்ந்து, 1888-இல் இலண்டன் சென்று பொதுச் சுகாதாரம் பயின்று பட்டயம் பெற்றார். 1894-இல் மீண்டுஞ் சென்று, மான்ஸன் என்னும் அறிஞரிடம் சுரக்கிருமியை நுண்ணோக்கியிற் காணக் கற்றார்.

1897-இல் உதகையை அடுத்த சீகூர் மலைவழியில் ஆராயச் சென்று, தாமே அச்சுரத்துக்கு ஆளானார். எனினும் முயற்சியைக் கைவிட்டாரல்லர். அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், நோயாளியின் குருதியை உண்ட கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். மறுவருடம் கல்கத்தாவில், கொசுக்கடியால் அந்நோய் பரவுதலைப் பறவைகளிடத்து நிறுவினார். 1902-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

அவர் அத்துடன் அமைந்தாரல்லர். கொசுக்களை அறவே ஒழித்தல் வேண்டா. அவற்றின் தொகை ஓரளவுக்குக் கீழே குறையின், நோய் தானே தேயும் என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து, 1910-இல் நூலாக வெளியிட்டார். 1932-இல் உலகவாழ்வை நீத்தார்.

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தில், உடைந்த கலத்தில் மழைநீர் தங்காவண்ணம் அதனைக் கவிழ்த்துவைக்கும் சிறுவனும் அப்பெரியார் தொடங்கிய பணியையே செய்கின்றான்.