கொள்ளைநோயை வென்ற ஈப்போ வைத்தியர்

லகாட்டிலிருந்து சரக்கெடுக்க ஈப்போ சென்று வரும் நம் சகோதரர்களில் பலர் ஒரு செய்தியை அறிந்திருக்க மாட்டார்கள். உலகப் புகழ் பெற்ற வைத்தியர் ஒருவர் 1937க்குப் பின் அவ்வூரில்தான் கிளினிக் நடத்தி வந்தார். அவரே டாக்டர் ஊ லியன் டே.

அன்னார் 1879ல் பினாங்கில் ஒரு சீனப் பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். 1896ல் ராணி உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று வைத்தியம் கற்றார். லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் பயின்றார். 1903ல் திரும்பி, கோலாலம்பூரில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பினாங்கில் அபினியை எதிர்த்துப் போராடினார். 1908ல் சீனா சென்றார்.

1910ல் மஞ்சூரியாவில் பிளேக் பரவிற்று. அதன் பின்னணியில் ஒரு வியாபாரம் இருந்தது. மர்மோட் என்னும் பிராணியின் ரோமத்தோலுக்கு விலை ஏறவே, அனுபவமில்லாதோரும் வேட்டைக்கு இறங்கினர். நோயுற்ற பிராணியைத் தொடலாகாது என்பதை அவர்கள் அறியார். மனிதரைப் பற்றிய நோயை ரயில் ஊர் ஊராகக் கொண்டு சென்றது.

டிசம்பரில் ஹார்பின் நகருக்கு வந்தபோது டாக்டர் ஊவுக்கு வயது 31. எலித்தெள்ளே நோயைப் பரப்புகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அன்னாரோ பிரேதத்தைப் பரிசோதித்து, இந்நோய் மூச்சுக்காற்றால் பரவுகிறது என்று கண்டார். துணியும் பஞ்சும் வைத்த முகமூடியை எல்லோரும் அணியச் சொன்னார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு வைத்தியர் அதனை ஏற்காமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் மாண்டார்.

உறைந்த பூமியில் குழி தோண்ட இயலாமல் 2,000க்கு மேற்பட்ட பிரேதங்கள் கிடந்தன. அவற்றை எரிக்க அன்னார் சக்கரவர்த்தியின் அனுமதி பெற்றார். மையித்தை நல்லடக்கம் செய்யும் நமக்கு இது கேட்கவே கடினம். முன்னோரை மண்ணில் அடக்கும் சீனருக்கும் அப்படியே. உயிரோடிருப்பவரைக் காக்க அந்தப் பாரத்தை அன்னார் ஏற்றார்.

ரயில் பிரயாணம் தடுக்கப்பட்டது; நோயாளிகளோடு பழகியவர்கள் ரயில் பெட்டிகளில் தனியே வைக்கப்பட்டனர். நோயுள்ள ஊருக்குள் போகவும், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாமென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியன்றோ! சுமார் 60,000 பேர் இறந்தனர். ஆயினும் 1911 மார்ச்சில் ஹார்பினில் நோய் அடங்கியது.

1935ல் நோபல் பரிசுக்கு அன்னாரின் பெயர் முன்மொழியப்பட்டது. ஈப்போவில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்தார். பேராக் நூல்நிலையம் அமைய நன்கொடை திரட்டினார். 1960 ஜனவரி 21ல் பினாங்கில் காலமானார்.

2020ல் நாம் கடைகளை அடைத்து, முகமூடி அணிந்தோம். சரக்கு போகும் வழியில் நோயும் போகும். ஆபத்து வேளையில் கடையை அடைப்பது நஷ்டமாகத் தோன்றலாம். ஆனால் அடுத்தவர் உயிரைக் காப்பதும் ஒரு வியாபாரியின் அமானிதமே.