கண்டி வேந்தனும் பிரெஞ்சுத் தூதனும்

தூதுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். ஓர் அரசின் ஆக்கமும் கேடும் தூதன் ஒருவனின் ஒழுக்கத்தைப் பற்றி நிற்றலும் உண்டு. இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சியொன்று, 1635 முதல் 1687 வரை 52 ஆண்டுகள் கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கனின் வரலாற்றில் உளது. அது தொடங்கிய இடம் நமது கீழைக் கடற்கரையே.

இராசசிங்கன் செனரத் மன்னனின் மைந்தன். செனரத்தின் பெயர் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் மக்களுக்குப் புதிதன்று. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியவன் அவனே என வரலாற்று நூல்கள் கூறும்.

தந்தைக்குப் பின் அரசுகட்டில் ஏறிய இராசசிங்கன் வீரத்தாற் குறைந்தவன் அல்லன். 1638 மார்ச்சு மாதத்தில் கன்னொறுவையில் போர்த்துக்கேயரின் படையை அடியோடு அழித்தான். எனினும் கடற்படையின்றிக் கடலோரக் கோட்டைகளை வெல்லல் அரிது என்பதை உணர்ந்து ஒல்லாந்தரின் துணையை நாடினான். அவ்வாண்டு மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது; உடன்படிக்கையும் அங்கேயே எழுதப்பட்டது. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது அரசனின் விருப்பத்தைப் பொறுத்தது என்னும் வாசகம் அரசனுக்குத் தரப்பட்ட படியில் இருந்தது. ஒல்லாந்தரின் படியிலோ அது இல்லை. 1640இல் காலியும் 1656இல் கொழும்பும் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்கப்பட்டன. ஆயின், மீட்டவர் அவற்றைத் தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை எனச் சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கினர்.

துன்பம் அத்துடன் நின்றதில்லை. 1664இல் நிலம்பையில் அரசனுக்கு எதிராகக் கலகம் எழுந்தது. அதிலிருந்து தப்பிய அவன் அதன்பின் எவரையும் எளிதில் நம்பினானல்லன். ஒல்லாந்தர் 1665இல் திருக்கோணமலையையும் 1668இல் மட்டக்களப்பையும் பிடித்துக் கண்டி அரசின் கடல்வாயில்களை அடைத்தனர். உப்பும் கருவாடும் உள்ளே செல்லவும் பாக்கு வெளியே போகவும் அவர்களின் இசைவு வேண்டியதாயிற்று.

இந்நிலையிலேதான் 1672 மார்ச்சில், பதினான்காம் லூயி மன்னனின் கடற்படையொன்று த லா ஹே என்பானின் தலைமையிற் கொட்டியாரக்குடாவை அடைந்தது. இராசசிங்கன் மகிழ்ந்தான், உணவுப் பொருள்களும் ஆட்களும் அனுப்பினான், கொட்டியாரத்திற் கோட்டை கட்டவும் இடம் அளித்தான். தளபதி தன் தூதனாகத் த லனரோல் என்பவனைக் காணிக்கைகளுடன் கண்டிக்கு அனுப்பினான்.

அப்போது கண்டியிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் 1681இல் வெளியிட்ட நூலில் அத்தூதனின் கதையை எழுதியுள்ளார். நகருள் குதிரையினின்று இறங்கி நடத்தல் வேண்டும் என அதிகாரிகள் உணர்த்தினர். அவன் கேளாது, அரண்மனையையும் குதிரைமீதே கடந்து சென்றான். அயலான் எனப் பொறுத்த அரசன் பின்னொருநாள் அவனை அழைத்தான். அழைப்பு வந்தும் காட்சி வாய்க்கக் காலம் தாழ்ந்தது. காத்திருக்க மனமற்ற தூதன் விடைபெறாமலே புறப்பட்டான். தடுத்தோர்முன் வாளிற் கையிட்டான். அரசனின் பொறுமை அற்றது. தூதனுக்கு அடியும் விலங்கும் கிடைத்தன.

அரசனின் முறைமையை அறிந்து நடவாதது தூதனின் குற்றம். தனக்குத் தேவையான துணைவனின் தூதனை விலங்கிடுவது அரசனுக்கு நன்மை தருமா எனச் சினத்தின்முன் எண்ணாதது இராசசிங்கனின் குற்றம்.

கடற்கரையிலோ பிரெஞ்சுப் படையைப் பசியும் நோயும் வருத்தின. வான் கோன்ஸ் என்னும் ஒல்லாந்தத் தலைவனின் கப்பல்கள் நெருக்கின. 1672 யூலையில் த லா ஹே சோழமண்டலக் கரைக்குச் சென்று சாந்தோமைப் பிடித்தான். கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தரும் முற்றுகையிட, 1674இல் அதனையும் இழந்தான். கொட்டியாரத்தில் விடப்பட்ட சிறுபடை விரைவில் ஒல்லாந்தர் வசமாயிற்று.

இராசசிங்கன் மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆண்டு 1687இல் மறைந்தான். மலைநாட்டை எவரும் வெல்லாமற் காத்த பெருமை அவனுக்குண்டு. கடற்கரையை மீட்கும் ஆசை நிறைவேறவில்லை. ஒரு பகைவனை ஓட்ட மற்றொரு வலியானை அழைத்தான். அவனை ஓட்ட மூன்றாமவனை நாடினான். வந்தோர் அனைவரும் தத்தம் வணிகத்தையே கருதி வந்தனர்.

குதிரையினின்று இறங்க மறுத்த த லனரோலோ தாயகம் திரும்பவில்லை, இந்நாட்டிலேயே தங்கினான். அவன் வழிவந்தோர் எனக் கருதப்படும் குடும்பங்கள் அவன் பெயரையே தாங்கி இன்றும் இலங்கையில் வாழ்கின்றன. செனரத்திடம் புகலிடம் பெற்றோரின் வழியினரும் நம் கடற்கரை வயல்களில் உழுது விளைவித்து வாழ்கின்றனர். பீரங்கியோடு வந்த படைகளோ ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன.