சார்லஸ் பார்சன்ஸ்

கடலில் விரைந்து செல்லும் கப்பலைக் கரையில் நின்று காண்போர் அதன் உயர்ந்த தளங்களையும் புகைபோக்கியையும் கண்டு வியப்பர். அக்கப்பலை உந்திச் செலுத்தும் உறுப்போ ஒருவர் கண்ணுக்கும் புலனாகாமல் நீருள் மறைந்து கிடக்கும். புரொப்பெல்லர் என வழங்கும் சுழல்துடுப்பே அது. மறைந்து உழைக்கும் அவ்வுறுப்பின் இயல்பை ஆராய்ந்தவர் சார்லஸ் பார்சன்ஸ் என்னும் பொறியியற் பேரறிஞர்.

இவர் 1854 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ராஸ் பிரபு; அயர்லாந்தில் பர் என்னும் ஊரில் உள்ள கோட்டைக்கு உரியவர். செல்வர்களுக்குரிய பொழுதுபோக்குகளை நாடாது வானநூலில் மனத்தைச் செலுத்திய அப்பெரியார், ஆறடி விட்டமுள்ள தொலைநோக்காடியைத் தம் கோட்டையிலேயே செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி வார்த்தவர். உலைக்களமும் பட்டறையும் சூழ்ந்த அவ்வீட்டில் சார்லஸ் வளர்ந்தார். சிறுவயதில் அவர் பள்ளிக்கூடம் சென்றாரல்லர். ஆசிரியர்களே வீட்டிற்கு வந்து கற்பித்தனர். பின்னர் டப்ளினிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் பயின்று 1877 இல் சிறப்பாகத் தேறினார். பிரபுவின் மகன் அடுத்துச் சென்ற இடம் யாது? அரசவையன்று, நியூகாசில் நகரத்து ஆம்ஸ்ட்ராங் தொழிற்சாலை. அங்கே தொழில் பயில்வோருள் ஒருவராய் அமர்ந்து, கையில் எண்ணெய்க்கறை படிய உழைத்தார்.

1884 இல் அவர் நீராவிச் சுழலியை இயற்றினார். அதற்குமுன் இருந்த நீராவி எந்திரங்களில் உந்துதண்டு முன்னும் பின்னும் அசைந்து சக்கரத்தைத் திருப்பும். பார்சன்சின் எந்திரத்திலோ நீராவி வரிசை வரிசையான சிறு தகடுகளின்மீது பாய்ந்து அச்சினை நேரே சுழற்றியது. நிமிடத்திற்கு 18,000 சுற்று! ஆயினும் 1889 இல் கூட்டாளிகளைவிட்டுப் பிரிந்தபோது, தாம் கண்ட பொறியின் உரிமையையே அவர் இழக்க நேர்ந்தது. மனந்தளராது ஹீட்டன் என்னுமிடத்தில் புதிய தொழிற்சாலை நிறுவி, வேறொரு முறையில் சுழலி செய்தார். பழைய உரிமை 1894 இலேதான் மீண்டும் கைக்கு வந்தது.

அவ்வாண்டிலேயே கப்பலையும் சுழலியால் ஓட்டிக் காட்டத் துணிந்தார். முதலில் இரண்டடி நீளமுள்ள மாதிரிப் படகு ஒன்று செய்து, தூண்டிற்கோலில் நூல் கட்டிக் குளத்தில் இழுத்துப் பார்த்தார்! பெரியவர் ஒருவர் குளக்கரையில் படகு விட்டு விளையாடுவதாகக் கண்டோர் எண்ணியிருத்தல் கூடும். பின்னர், ஏறத்தாழ நூறடி நீளமும் ஒன்பதடி அகலமும் உடைய டர்பினியா என்னும் கப்பல் கட்டப்பெற்றது.

1894 நவம்பரில் அதனைக் கடலில் ஓட்டிப் பார்த்தனர். விளைவு ஏமாற்றமே. மணிக்கு இருபது கடல் மைல் வேகமும் எய்தவில்லை. குற்றம் எந்திரத்தினதா, துடுப்பினதா? இதனைத் தெளிய, அச்சின் முறுக்கத்தை அளக்கும் வில்கருவி ஒன்றை அவரே அமைத்தார். எந்திரம் பழுதற்றது என்பதும், துடுப்பே ஆற்றலை வீணாக்குகின்றது என்பதும் விளங்கின. காரணம் என்னை? துடுப்பின் இலை அளவிறந்த வேகத்தில் சுழலும்போது, அதன் முதுகுப்புறத்தே நீரின் அழுத்தம் மிகக் குறைகின்றது. அழுத்தம் குறைந்தால் குளிர்ந்த நீரும் கொதிக்கும். ஆகவே ஆவிக்குமிழிகள் தோன்றி நீருக்கும் இலைக்கும் இடையே புகுந்துகொள்ளத் துடுப்பு நீரைப் பற்றித் தள்ள மாட்டாது வறிதே சுழல்கின்றது. இதனைக் கேவிட்டேஷன் என்பர். நாம் குழிவுறல் எனலாம்.

கடலின் அடியில் நிகழ்வதை எங்ஙனம் காண்பது? 1895 இல் கண்ணாடிச் சாளரம் பொருத்திய செப்புத் தொட்டி ஒன்றை அவர் அமைத்தார். உள்ளே இரண்டங்குலத் துடுப்பைச் சுழலவிட்டு, காற்றை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார். சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே மின்னுமாறு ஒளியைப் பாய்ச்சினார். அவ்வொளியில், சுழலும் துடுப்பு அசையாது நிற்பதுபோல் தோன்ற, குமிழிகள் பிறப்பதைக் கண்ணாரக் கண்டார். உலகின் முதற் குழிவுறல் ஆய்வுத்தொட்டி இதுவே.

பின் ஒரு சுழலிக்கு ஈடாக மூன்று சுழலிகளும், ஒரே அச்சிற்கு ஈடாக மூன்று அச்சுகளும், அச்சுக்கு மூன்றாக ஒன்பது சிறு துடுப்புகளும் அமைத்தார். சுமை பலவற்றிற்கும் பங்கிடப்பட்டமையால் குமிழிகள் குறைந்தன. டர்பினியா மணிக்கு 34 கடல் மைல் பறந்தது. 1897 ஜூன் 26 இல், விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவின்பொருட்டு ஸ்பிட்ஹெட் கடற்பரப்பில் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. அவ்வரிசைகளுக்கு இடையே பார்சன்சின் சிறு கப்பல் அம்பெனப் பாய்ந்தது. அதனைத் துரத்திய காவற்படகுகளால் அணுகவும் இயலவில்லை.

இவ்வெற்றிக்குப்பின் பெருந்துயரும் வந்தது. சுழலி பூண்ட வைப்பர், கோப்ரா என்னும் இரு போர்க்கப்பல்களும் 1901 இல் அடுத்தடுத்து அழிந்தன. ஒன்று பனிமூட்டத்தில் பாறைமேல் மோதிற்று. மற்றொன்று கடலில் இரண்டாக முறிந்தது. முறிந்ததில் பார்சன்சின் தொழிற்சாலையினரும் மாண்டனர். குற்றம் சுழலியினது அன்று; எனினும் அவர் நெஞ்சம் எத்துணைப் புண்பட்டிருக்கும்! அதன்பின்னும் அவர் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1906 இல் டிரெட்னாட் போர்க்கப்பலும், 1907 இல் மாரிடேனியா பயணக்கப்பலும் சுழலியாலேயே ஓடின. சுழலியோ விரைந்து சுழன்றாற் பயன்படும். துடுப்போ மெல்லச் சுழன்றாற் பயன்படும். இம்முரண்பாட்டைத் தீர்க்க, வெஸ்பேசியன் என்னும் பழைய சரக்குக் கப்பலில் இரண்டிற்கும் இடையே பற்சக்கரங்களைப் பொருத்தி வெற்றி கண்டார்.

அக்காலத்துத் துடுப்பு செய்யும் முறையையும் ஈண்டு அறிதல் நன்று. நிலத்தில் செங்குத்தாக ஒரு கம்பம் நடுவர். அதில் கோத்த பலகை, சுற்றிலும் அமைந்த சரிவான வழிகாட்டியின்மேல் ஏறிக்கொண்டே சுழன்று, ஈரக்களிமண்ணைத் திருகாணிப் புரிபோல் வழித்துவிடும். அதன்மேல் அச்சு அமைத்து, உலரவைத்து, உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் அச்சை உடைத்து, உளியாற் செதுக்கி, அரத்தால் அராவி, இலைகளின் சாய்வும் எடையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பர். வார்ப்பிரும்பு மலிவு, ஆயின் எளிதில் உடையும், உப்புநீரில் துருவேறும். ஆதலின் விரைவுக் கப்பல்களுக்கு, பாதிக்கு மேற்பட்ட செம்புடன் துத்தநாகமும் சிறிது இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த மாங்கனீசு வெண்கலம் உகந்ததாயிற்று.

அவ்வெண்கலமும் விரைவில் அரிக்கப்பட்டுப் புழு தின்ற பலகைபோல் ஆனது. உப்புநீரே உலோகத்தைத் தின்கிறது எனப் பலர் எண்ணினர். பார்சன்ஸ் 1919 இல் குக் என்பாருடன் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு காரணத்தைக் காட்டிற்று. குமிழிகள் இலையின்மேல் சட்டென நொறுங்கும்போது நீர் சம்மட்டிபோல் மோதுகின்றது. அம்மோதலே உலோகத்தைப் பெயர்க்கின்றது. அவ்வழுத்தம் சதுர அங்குலத்திற்கு நூறு டன்னுக்கும் மேற்பட்டது! இன்று பெருங்கப்பல்களின் துடுப்புகளை நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த வெண்கலத்தால் வார்த்து, கணிப்பொறி செலுத்தும் கடைசல் எந்திரங்களால் இழைக்கின்றனர். விரைவுப் படகுகளுக்கான துருவேறா எஃகுத் துடுப்புகளை மெழுகுக் கரு வைத்து வார்க்கின்றனர். நம் நாட்டுச் சிற்பிகள் நடராசர் திருமேனி வார்க்கும் முறையும் அதுவேயன்றோ!

பார்சன்சின் ஒரே மகன் 1918 இல் போர்க்களத்தில் மாண்டான். மகள் ரேச்சல், பெண்பாற் பொறியியலார் சங்கத்தின் முதல் தலைவியாய் 1919 இல் விளங்கினாள். பார்சன்ஸ் 1931 பிப்ரவரி 11 ஆம் நாள், ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில், தாம் பயணம் செய்த கப்பலிலேயே உயிர்நீத்தார். டர்பினியா இன்றும் நியூகாசில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றது.