நாலு பக்கத் தாளும் தங்கவயல் தொழிலாளியும்

வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடக எல்லை. அதற்கு அப்பால் கோலார் தங்கவயல். இன்று நம் பிள்ளைகள் ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போவதைப் போல, நூறு ஆண்டுகளுக்கு முன் அன்றைய சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களின் சேரிகளிலிருந்து நம் முன்னோர் அந்தச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அவர்கள் மண்ணுக்குள் இறங்கித் தங்கம் எடுத்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு பத்திரிகைக்கு அவர்கள் மறுபடி உயிர் கொடுத்தது பலருக்குத் தெரியாது. அந்தப் பத்திரிகை 'தமிழன்'. அதைத் தொடங்கியவர் பண்டிதர் அயோத்திதாசர். மே 5 அவர் மறைந்த நாள்.

1845 மே 20இல் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழ் இலக்கியமும் சித்த மருத்துவமும் அவருடைய இரண்டு கைகள். சிறு வயதில் கால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வை நடக்க வைத்தது இவருடைய வைத்தியம்தான். திரு.வி.க.வே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் சமையல்காரராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் அந்தத் துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். சேரிக்கும் ஏட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது.

ஆனால் படிப்பு இருந்தும் சபைகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1891இல் திராவிட மகாஜன சபையை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 1இல் நீலகிரியில் மாநாடு கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றி, காங்கிரசுக்கும் அனுப்பி வைத்தார். பயன் ஒன்றும் இல்லை. மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போனார். சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் நம் மக்களை ஏன் விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் இருக்கும்போது அந்தச் சாமிகள் எதற்கு என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

இந்த அவமானத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. 1898இல் கர்னல் ஆல்காட்டைச் சந்தித்து, இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தாம் எழுதுவதை அடுத்தவர் அச்சிட வேண்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். நாலு பக்கம், விலை பேரிலேயே இருந்தது. அப்போது அவருக்கு வயது 62. மறு ஆண்டு பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது.

எந்தச் சாதியைத் தமிழர் கணக்கிலேயே சேர்க்க மறுத்தார்களோ, அந்தச் சாதியில் பிறந்தவர் தம் பத்திரிகைக்கு வைத்த பெயர் இது. பெயர் வைத்ததோடு நிற்காமல் வாரம் தவறாமல் எழுதினார். 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். புத்தரின் வாழ்வை 'ஆதி வேதம்' என்று எழுதினார். ஔவையார் பாடல்களுக்குப் பௌத்த நோக்கில் உரை சொன்னார். தரிசு நிலம், பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு என்று சேரியின் அன்றாடத்தையும் எழுதினார். படித்த பெரியவர்கள் பலர் இந்த எழுத்தைப் பொருட்படுத்தவில்லை. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் உழைக்கப் போன நம் மக்கள் வாங்கிப் படித்தார்கள். தங்கவயலில் பௌத்த சங்கக் கிளையும் வளர்ந்தது.

திருக்குறளுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தவர், அதை முடிக்காமலே 1914 மே 5இல் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு அது நின்றுபோனது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதைக் கோலார் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. ராயப்பேட்டையில் நின்றதை எடுத்து நடத்தியவர்கள் சுரங்கத்து மக்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய புறக்கணிப்பு வந்தது. தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்களும் சமூக சீர்திருத்த வரலாறு எழுதியவர்களும் பெரும்பாலும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் மட்டும் பழைய 'தமிழன்' தாள்களைத் தேடிச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்ட பிறகே பொது வாசகர் கைக்கு அவர் வந்து சேர்ந்தார். இறந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2005இல் அவருக்கு அஞ்சல் தலையும் வந்தது.

அந்தத் தாள்களை யாரும் எடுத்து வைக்காமல் போயிருந்தால், இன்று நம் கையில் பண்டிதரின் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும். தங்கவயலுக்குப் போய் வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டியை, பரணில் கிடக்கும் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 'தமிழன்' இதழோ, சித்தார்த்தா புத்தகசாலையின் நூலோ, சங்கத்தின் நோட்டீசோ கிடைத்தால், நமக்கு அதுவும் தங்கம்தான்.

ஷிப்ட் முடித்து வந்து இரவில் கதையும் கவிதையும் எழுதும் இளைஞர்கள் ஓசூரிலும் இருக்கிறார்கள். அனுப்பியது திரும்பி வந்துவிட்டது என்று சோர்ந்து போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். சபை இடம் தராதபோது பண்டிதர் நாலு பக்கம் போதும் என்று தொடங்கினார். அதைப் படிக்க அவருடைய மக்கள் இருந்தார்கள். உங்கள் எழுத்தைப் படிக்க நாம் இருக்கிறோம்.