நிற்கத் தெரிந்த தறி



நல்ல மெஷின் எது என்று கேட்டால், நிற்காமல் ஓடுவது என்போம். நிற்கவும் தெரிந்ததுதான் நல்ல மெஷின் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் ஜப்பானின் சாகிச்சி டொயோடா.

1867-ல் ஷிசுவோகா பகுதியில் ஒரு சிற்றூரில் தச்சர் வீட்டில் பிறந்தார். பெரிய படிப்பு கிடையாது. அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றார். வீட்டுத் தறியில் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து, இதை மாற்றியே தீருவது என்று இறங்கிவிட்டார். செய்வதும் பிரிப்பதுமாகவே கிடந்தவரை ஊரார் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். சளைத்தாரா? 1890-ல் டோக்கியோ தொழிற் பொருட்காட்சிக்குப் போய் இயந்திரங்களைப் பார்த்தார். மறு வருடமே, ஒரு கையால் இயக்கும் மரத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார்! 1896-ல் விசைத்தறியும் உருவானது.

பிறகு சோதனை. 1910-ல் தன் பெயர் தாங்கிய கம்பெனியிலிருந்தே விலக நேர்ந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் சென்று ஆலைகளைப் பார்த்துத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அந்தக் காலத் தறியில் ஓர் இழை அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடும், துணி வீணாகும். அதனால் பக்கத்திலேயே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். 1924-ல் மகன் கீச்சிரோவின் துணையோடு வந்த 'ஜி' வகைத் தானியங்கித் தறியில் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஊடை தீர்ந்தால், ஓட்டம் குறையாமலே புது நாடா வந்து சேரும். ஒரே ஆள் முப்பது தறிகளைக் கவனிக்கலாம்!

அப்போ மற்றவர்கள் வேலை? நியாயமான கேள்வி. முப்பது தறிக்கு ஓர் ஆள் போதும் என்றால் சிலர் பிழைப்பில் அது விழத்தான் செய்யும், மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் தறியால் நிற்க மட்டும்தான் முடிந்தது. ஏன் அறுந்தது என்று பார்த்துச் சரிசெய்ய மனிதன்தான் வர வேண்டியிருந்தது. 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு அடிவேரைத் தேடும் வழக்கமும் அவர் பெயராலேயே சொல்லப்படுகிறது.

1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி இந்தத் தறியின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. 1930-ல் சாகிச்சி மறைந்தார். மகன் கார் பக்கம் திரும்பினார். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. தறியின் பாடம் அங்கேயும் போனது. தவறைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் போதும், சரியாகும் வரை உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற முறை பின்னாளில் அங்கே வந்தது. அதை இன்று உலகமே படிக்கிறது.

நண்பர்களே! ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் நாம் போகப்போகும் தொழிற்சாலைகளுக்கு வந்தாச்சு. காவல் நிற்கிற வேலையை அவை எடுத்துக்கொள்ளும். 'ஏன்' என்று கேட்கிற வேலைக்கு நாம் தயாரா? நாளைக்கு ஒர்க் ஷாப்பில் லேத் சத்தம் மாறினால், மார்க் போயிடுமே என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு, ஏன் என்று கேளுங்கள்!