சேரன்மாதேவியில் தனிப்பந்தி

திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று வ.வே.சு. ஐயரைப் பாடநூலில் படித்திருக்கிறோம். 1881-இல் திருச்சி வரகனேரியில் பிறந்தார். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன இடத்தில் விடுதலைப் போராளிகளோடு சேர்ந்தார். போலீசிடம் சிக்காமல் 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிற்பாடு பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறைக்கும் போனார். வெள்ளை அரசுக்கு அஞ்சாதவர்.

1922-இல் நெல்லைச் சீமையில் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி என்றதும் பல சாதியாரும் நன்கொடை தந்தனர். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால், சேரன்மாதேவியில் இருந்த அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிப்பந்தி. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். காந்தியின் சமரசமும் பலிக்கவில்லை. 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனிலேயே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். ஆண்டு முடிவதற்குள் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஐயர் தாம் எல்லாரோடும் உண்ணத் தயங்காதவர். அதனால்தான் இந்தக் கதை நமக்கு அதிகம் வலிக்கிறது. இரண்டு வீட்டாரின் மனம் கோணக் கூடாதென்று பார்த்தவர், மற்றப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளின் மனத்தைப் பார்க்கவில்லை.

தலைவர்களின் கொள்கையை மேடையில் கேட்போம். அவர்கள் வீட்டுப் பந்தியையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.